கயிறு போடும்வரை

கிள்ளான் துறைமுகத்தில் நான் வேலை பார்த்த கம்பெனிக்குச் சொந்தமாக ஒரு சிறிய படகுத்துறை இருந்தது. ஜெட்டி என்றுதான் எல்லாரும் சொல்வோம். அதன் தூண்களில் பழைய லோரி டயர்களைச் சங்கிலியில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். படிக்கட்டை ஒட்டிய தூணில் தொங்கிய டயர் இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. வரிகள் தேய்ந்து வழுவழுத்துப் போயிருந்தது. கீழ்ப்பாதியில் சிப்பி ஒட்டியிருந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை நான் படிகளில் இறங்கி அதை உற்றுப் பார்ப்பேன். பிறகு படிவத்தில் 'திருப்திகரம்' என்ற கட்டத்தில் குறி போடுவேன். படகு வந்து சாயும்போது டயர் நசுங்கும். படகு விலகியதும் மெல்ல வட்டத்துக்குத் திரும்பும். விசையைக் கண்ணால் பார்க்க முடியாது என்று பாடப்புத்தகம் சொல்கிறது. அந்த டயர் நசுங்கும் அளவில் நான் அதைப் பார்த்திருக்கிறேன். ஒரு பக்கம் படகு தள்ளுகிறது, மறுபக்கம் தூண் தள்ளுகிறது. இரண்டும் அசையாமல் நிற்பதுபோல் தெரியும். நடுவில் இருப்பதைப் பார்த்தால்தான் விஷயம் புரியும்.

நான் அந்தக் கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி. வெளிக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களுக்கு ஆட்களையும் சாமான்களையும் படகில் கொண்டுபோய் விடுவது கம்பெனியின் தொழில். அதில் யாருக்கும் அடிபடாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. அடிபட்டால், எந்த விதியின் எத்தனையாவது பிரிவை மீறியதால் அடிபட்டது என்று எழுதுவதும் என் வேலை. இரண்டாவது வேலையில்தான் எனக்குப் பெயர் இருந்தது. என் அறிக்கைகளில் ஒரு பக்க எண்கூடத் தவறியதில்லை. பட்டப்படிப்பில் இயற்பியல் படித்தவன் என்பதால் வருடாந்திரப் பயிற்சியில் ஒரு மணி நேரத்தை விசைகளுக்கென்று ஒதுக்கிக்கொள்வேன். தலைக்கவசம் போடுங்கள், கையுறை மாட்டுங்கள் என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். மூன்றாம் இயக்க விதியைச் சொல்ல நான் ஒருவன்தான் இருக்கிறேன் என்ற நினைப்பு. சாப்பாட்டுக் கூடத்தில் வெள்ளைப் பலகையை நிறுத்தி, ஒரு படகு வரைந்து, அதிலிருந்து ஒரு மனிதன் கரைக்குத் தாவுவதுபோல் வரைந்து, எதிரெதிராக இரண்டு அம்புக்குறிகள் போடுவேன். மனிதன் படகைப் பின்னால் தள்ளுகிறான், படகு அவனை முன்னால் தள்ளுகிறது, இரண்டும் ஒரே அளவு, ஒரே நேரம்.

ஒரு வருடம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர் கையைத் தூக்கினார். "ரெண்டும் சமம், எதிர் எதிர்ன்னா கேன்சல் ஆயிடணுமே சார். அப்புறம் எப்படி எதுவும் நகருது?"

நல்ல கேள்வி. பட்டதாரிகளே தடுக்கி விழும் இடம் அது. "கேன்சல் ஆகணும்னா ரெண்டும் ஒரே ஆள் மேல விழணும். இங்க ஒரு அம்பு ஆள் மேல, இன்னொண்ணு படகு மேல. ஒங்க வீட்டுக் கணக்கையும் பக்கத்து வீட்டுக் கணக்கையும் சேர்த்துக் கழிக்க முடியுமா?" என்றேன். சிரித்தார்கள்.

பின்வரிசையிலிருந்து படகோட்டி கேட்டார். "அது சரி சார். படகு போயி ஜெட்டிய இடிச்சா, ஜெட்டியும் அதே அளவு திருப்பி இடிக்குதுங்கிறீங்க. அப்ப ஏன் எப்பப் பாத்தாலும் படகே ஆடுது? ஜெட்டி ஒரு நாளும் ஆடலியே."

"அடி சமம்தாண்ணே. ஜெட்டி பூமியோட சேர்ந்து நிக்குது. அவ்வளவு கனம். அதே அடி வாங்கினாலும் கனமானது அசையாது. இலேசானதுதான் ஆடும்."

"அப்ப ஜெட்டி நம்ம மேனேஜர் மாதிரி லா," என்றார் ஃபோர்க்லிஃப்ட்காரர். கூடமே சிரித்தது. படகோட்டியும் சிரித்துக்கொண்டே, "நாம படகு. இடிச்சாலும் நாமதான் ஆடணும், இடி வாங்கினாலும் நாமதான் ஆடணும்," என்றார். நானும் சிரித்தேன். அன்றைய பயிற்சி அறிக்கையில், பங்கேற்பாளர்கள் ஆர்வத்துடன் கலந்துரையாடினர் என்று எழுதினேன்.

அந்தப் படகோட்டியைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். குட்டையான, அகலமான உடம்பு. கம்பெனி கொடுத்த சப்பாத்தைப் படகுக்கு வெளியேதான் போடுவார்; படகில் வெறுங்கால். அதற்காக நான் அவருக்கு இரண்டு முறை எச்சரிக்கைக் கடிதம் கொடுத்திருக்கிறேன். இரண்டையும் மரியாதையாகக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு, மறுநாள் வெறுங்காலோடு நின்றார். படகின் தளம் எந்தப் பக்கம் சாயப் போகிறது என்பது பாதத்துக்குத்தான் முதலில் தெரியும் என்பது அவர் கட்சி. அதற்கு என் படிவத்தில் கட்டம் இல்லை. ஆனால் ஒரு விஷயத்தில் அவரைப்போல் விதியைக் கடைப்பிடித்தவர் கம்பெனியில் யாருமில்லை. படகு கரையில் சேர்ந்ததும் முன்கயிறு, பின்கயிறு இரண்டையும் இரும்புக் குற்றிகளில் மாட்டாமல் யாரையும் இறங்கவிட மாட்டார். அந்த விதியை எழுதியவன் நான். எழுதிவிட்டு நானே அவசரத்தில் எழுந்து நின்ற நாட்கள் உண்டு. அப்போதெல்லாம் திரும்பிப் பார்க்காமலே சொல்வார்: "கொஞ்சம் பொறுங்க சார். கயிறு போடல."

கப்பல் கேப்டன்களிடமும் அதையே சொல்வார், சுங்க அதிகாரிகளிடமும் சொல்வார். மொழி மட்டும் மாறும். ஆறு வார்த்தைக்கு மேல் போகாது. குரல் உயராது. ஒரு முறை நான் விளையாட்டாக, "அண்ணே, இந்த ரெண்டு அடி இடைவெளியத் தாண்ட எனக்குத் தெரியாதா?" என்றேன். "ஒங்களுக்குத் தெரியும் சார். தாண்டுறப்ப இது ரெண்டு அடியாவே இருக்காது. ஒங்க கால்தான் அத நாலடியாக்கும்," என்றார். நான் இரண்டு அம்புக்குறியும் அரை மணி நேரமும் செலவழித்துச் சொன்னதை அவர் கயிற்றைச் சுருட்டியபடி சொல்லி முடித்துவிட்டார். வெள்ளைப் பலகைக்கு முன்னால் நின்று பேசுகிறவனுக்கு இது கொஞ்சம் உறுத்தும். எனக்கும் உறுத்தியது.

விடுமுறை நாட்களில் அவர் கேத்தாம் தீவுப் பக்கம் போய் நண்டு பிடிப்பார். தீபாவளிக்கு முந்தின வாரம் ஒரு கூடை எங்கள் வீட்டுக்கு வரும். கால்களைப் பச்சை நாரில் கட்டியிருப்பார். என் மனைவிக்கு அந்தக் கட்டைப் பார்ப்பதே ஒரு சந்தோஷம். "எவ்வளவு நேர்த்தியா கட்டியிருக்காரு பாருங்க, அவுக்கவே மனசு வரல," என்பாள். பிறகு அவிழ்த்து, மிளகு போட்டு வறுப்பாள். அதிகாரி ஊழியரிடம் அன்பளிப்பு வாங்கக் கூடாது என்ற விதியும் எனக்குத் தெரியும். நண்டு விஷயத்தில் அது எனக்கு நினைவுக்கு வந்ததில்லை.

அந்த நாள் மத்தியானம். கப்பல் ஒன்றில் ஆய்வு முடித்துவிட்டு மேனேஜரும் நானும் படகில் திரும்பிக்கொண்டிருந்தோம். படகில் வழக்கமாக ஒரு உதவியாள் இருப்பார். முன்கயிற்றைப் போடுவது அவர் வேலை. அவர் ஒரு மாதத்துக்கு முன்பே வேலையை விட்டுப் போயிருந்தார். புது ஆள் எடுக்கச் சொல்லி நான் எழுதிய குறிப்பு மேனேஜரின் மேசையில் இருந்தது. ஆகவே படகோட்டி தனியாளாகச் சுக்கானையும் பிடித்து, கயிற்றையும் போட வேண்டியிருந்தது. படிக்கட்டருகே படகைக் கொண்டுவந்து சாய்த்து, இஞ்சினைத் தணித்துவிட்டு, சுக்கானிலிருந்து முன்பக்கம் நடந்தார். மேனேஜர் ஏற்கெனவே விளிம்பில் ஒரு கால் வைத்து நின்றிருந்தார். கையில் தொலைபேசி. பருத்த மனிதர். சுபாங் ஜெயாவில் ஏதோ கூட்டம் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

"கொஞ்சம் பொறுங்க சார். கயிறு போடல."

"ஒன் கயிறுக்கு மீட்டிங் காத்திருக்காது லா," என்று சொல்லிக்கொண்டே மேனேஜர் தாவினார்.

நான் பின்னிருக்கையில் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பத்து வருடமாக வெள்ளைப் பலகையில் வரைந்த படம் என் கண்ணெதிரே நடந்தது. அவர் முன்னால் போன அதே கணம் நான் பின்னால் போனேன். படகு என்னையும் சேர்த்துப் பின்னுக்குச் சறுக்கியது. படியின் ஓரத்தைத் தொட்ட அவர் பாதம் வழுக்கியது. மார்பு படியில் அடிக்க, இரண்டு கையாலும் இரும்புக் கம்பியைப் பிடித்துத் தொங்கினார். இடுப்புக்குக் கீழே படகுக்கும் தூணுக்கும் நடுவில். அந்த நேரம் பார்த்து வெளியே ஓர் இழுவைக் கப்பல் கடந்துபோனது. அதன் அலை வந்து படகைத் திரும்பக் கரைப்பக்கம் தள்ளியது. மேனேஜரின் கணுக்கால் உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. அதைத் தண்ணீரின் சத்தம் என்று நினைத்துக்கொள்ள எனக்குச் சில வினாடிகள் போதுமாக இருந்தன.

படகு ஒரு முறை விலகி, அடுத்த அலையில் மறுபடி வரத் தொடங்கியது. இந்த முறை வந்தால் இடுப்பில் வரும். படகோட்டி கயிற்றை விட்டார். தளத்தில் மல்லாந்து விழுந்தார் என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் விழவில்லை. முதுகைச் சுக்கான் அறையின் சுவரில் கொடுத்து, வெறுங்கால்கள் இரண்டையும் விளிம்புக்கு வெளியே நீட்டி, அந்த டயரில் ஊன்றிவிட்டார். அலை படகைத் தள்ளியது. படகு அவர் முதுகைத் தள்ளியது. அவர் கால்கள் டயரைத் தள்ளின. டயர் நசுங்கியது. தூண் அசையவில்லை. படகும் ஒரு முழம் இடைவெளியில் நின்றுவிட்டது. இரண்டுக்கும் நடுவில் அவருடைய வலது முழங்கால் மட்டும் வளையக் கூடாத பக்கம் வளைவதை நான் பார்த்தேன். அவர் கத்தவில்லை. "தூக்குங்க சார், தூக்குங்க," என்று மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். நான் தாவி ஏறி, மேனேஜரின் கக்கத்தில் கைகொடுத்து இழுத்துப் படியில் போட்டேன். என் தாவலிலும் படகு பின்னுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. ஒரு பக்கம் அலை அழுத்த, மறுபக்கம் அவர் தாங்கிக்கொண்டிருந்தார்.

இரண்டாம் நாள் மேனேஜர் மருத்துவமனையிலிருந்து என்னைக் கூப்பிட்டார். காலில் கம்பி வைத்திருந்தார்கள். குரல் தெளிவாக இருந்தது.

"நீ எங்க உட்கார்ந்திருந்த?"

"பின்னாடி சார்."

"அப்ப ஒனக்கு ஒண்ணும் கேட்டிருக்காது. இஞ்சின் சத்தம்."

தணித்து வைத்த இஞ்சின் அது. தூணில் தண்ணீர் மோதும் சத்தம்கூடக் கேட்டது எனக்கு. என் வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் மாதம் என்பதும் அதில் கையெழுத்துப் போடுகிறவர் இவர் என்பதும் அந்தக் கணத்தில் எனக்கு நினைவுக்கு வந்தன என்று சொன்னால் பொய். அவை எப்போதும் நினைவிலேயே இருந்தன. "ஆமா சார், இஞ்சின் சத்தம்," என்றேன்.

எங்கள் விசாரணைப் படிவத்தில் ஐந்து 'ஏன்'கள் உண்டு. ஒவ்வொரு பதிலையும் மறுபடி ஏன் என்று கேட்டு, ஐந்தாவதில் மூலகாரணத்தைப் பிடித்துவிட வேண்டும். மேனேஜர் ஏன் விழுந்தார்? படகு விலகியதால். படகு ஏன் விலகியது? கட்டப்படாததால். ஏன் கட்டப்படவில்லை? படகோட்டி கட்டவில்லை. ஏன்? நடைமுறையைப் பின்பற்றவில்லை. ஏன்? கவனக்குறைவு. ஐந்து முடிந்தது. வெகு சுத்தமான அறிக்கை. இரண்டாவது ஏனுக்கு இன்னொரு பதில் உண்டு என்பது, அந்தப் படிவத்தை நிரப்பத் தெரிந்தவர்களில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும்: மேனேஜர் அதைத் தள்ளினார். நான் வருடாவருடம் வரைந்த இரண்டு அம்புகளில் ஒன்றை அழித்துவிட்டேன். படகு தானாக விலகிற்று.

படகோட்டியின் வாக்குமூலத்தையும் நானே எழுதினேன். முழங்காலில் கட்டோடு வந்து, காலை நீட்டியபடி உட்கார்ந்தார். நடந்ததை நடந்தபடி சொன்னார். "பொறுங்கன்னு சொன்னேன் சார். நீங்களும் கேட்டீங்கல்ல?"

விசாரணை அதிகாரி தன் வழக்கில் சாட்சியாக இருக்கக் கூடாது என்று ஒரு விதி உண்டு. அந்த விதிக்கு இரண்டு வாசல்கள். ஒன்று, நான் சாட்சி என்று சொல்லி விசாரணையிலிருந்து விலகுவது. இன்னொன்று, நான் விசாரணை அதிகாரி என்று சொல்லிச் சாட்சியத்திலிருந்து விலகுவது. இரண்டும் விதிப்படி சரி.

"என்னப் பத்தி அதுல எழுதக் கூடாதுண்ணே. ரூல் அப்படி."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபமாகப் பார்த்தார் என்று எழுதத்தான் எனக்கு ஆசை. அப்படிப் பார்க்கவில்லை. படிவத்தில் குறி போடுவதற்கு முன் நான் அந்த டயரை எப்படிப் பார்ப்பேனோ அப்படிப் பார்த்தார். "ரூல்னா சரி சார்," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். வேறு சாட்சி இல்லாததால், அவர் எச்சரித்தார் என்பது 'உறுதிப்படுத்த இயலவில்லை' என்ற இரண்டு வார்த்தைகளுக்குள் அடங்கிப்போனது.

அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். மனிதவளப் பிரிவின் தலைவி எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, ஒருவருக்குக் கால் போயிற்று, ஒருவருக்கு வேலை போயிற்று, இரண்டும் சரியாகிவிட்டது என்றார். கேன்சல் ஆயிடணுமே சார் என்று கேட்ட ஃபோர்க்லிஃப்ட்காரரின் முகம் எனக்கு நினைவுக்கு வந்தது. அவருக்கு விளக்கியதை இவருக்கு விளக்கவில்லை. என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. மேனேஜர் காலைத் தாங்கித் தாங்கி நடந்தபடி சில வருடம் இருந்துவிட்டு வேறு கம்பெனிக்குப் போனார். ஜெட்டி அசையவில்லை.

அந்தத் தீபாவளிக்கு நண்டு வரவில்லை. "என்னங்க, அவரக் காணோம்?" என்று மனைவி கேட்டாள். "வேலைய விட்டுட்டாரு," என்றேன். மறு வருடமும் கேட்டாள். அதற்கடுத்த வருடம், "ஒடம்பு கிடம்பு சரியில்லையோ என்னவோ, ஒரு எட்டுப் போயிப் பாத்துட்டு வரலாமா?" என்றாள். வீடு எங்கே என்று தெரியாது என்றேன். அவருடைய விலாசம், அவசரத்தில் தொடர்புகொள்ள வேண்டியவர் பெயர், இரத்தப் பிரிவு எல்லாம் என் கோப்பில் இருந்தன. என் மனைவி மற்றவர் விஷயத்தைத் துருவுகிறவள் அல்ல. ஆனாலும் கடைசிவரை, சந்தையில் நல்ல நண்டைப் பார்த்தால், அந்த மாதிரிக் கட்டத் தெரியவில்லை இவர்களுக்கு என்று சொல்லாமல் நகர மாட்டாள்.

பணி ஓய்வுக்குப் பிறகு பிரிக்பீல்ட்ஸில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். ஓய்வுபெற்றவர்கள் கூடிப் பேசுவதற்கு அங்கே இடத்துக்குப் பஞ்சமில்லை. ஆன்மிகச் சொற்பொழிவுகளுக்கும் பஞ்சமில்லை. ஒரு பேச்சாளர் ஒவ்வொரு முறையும் மூன்றாம் இயக்க விதியை இழுப்பார். நாம் செய்தது நமக்கே திரும்பும், இதை விஞ்ஞானமே ஒப்புக்கொள்கிறது என்பார். மக்கள் தலையாட்டுவார்கள். நான் எழுந்து திருத்தியதில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் உள்ளுக்குள் திருத்துவேன். அந்த விதி எதையும் பிறகு திருப்பித் தருவதில்லை. அதில் தாமதம் கிடையாது, நியாயமும் கிடையாது. தள்ளுகிற அதே கணத்தில் தள்ளுகிறவனும் தள்ளப்படுகிறான். பிறகு வரப்போவது என்று ஒன்று பாக்கி இல்லை. நான் அந்த அறிக்கையில் கையெழுத்துப் போட்ட கணத்திலேயே எனக்கு உரியது எனக்கு விழுந்தாயிற்று. கனமான பக்கத்தில் நின்றதால் நான் அசையவில்லை. அசையாததால் எனக்கு எதுவும் விழவில்லை என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

இந்த வருடம் என் மனைவி போய்ச் சேர்ந்தாள். அஸ்தி கரைக்க மகனும் நானும் கிள்ளான் துறைமுகத்துக்குப் போனோம். படகை எல்லாம் சடங்கு செய்துவைக்கும் பண்டாரம் ஏற்பாடு செய்திருந்தார். நான் கேட்கவில்லை. மஞ்சள் துணி சுற்றிய பானையை மகன் மடியில் வைத்திருந்தான். சிறிய மரப் படகு. ஓட்டுகிறவர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். வெள்ளைத் தலை. வெறுங்கால். வலது முழங்காலில் அழுக்கேறிய எலாஸ்டிக் கட்டு. எனக்கு முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

சில வருடங்களுக்கு முன்பே ஒரு லோரிக்காரர் சொல்லியிருந்தார், அவர் இப்போது அஸ்திப் படகு ஓட்டுகிறார் என்று. இந்தத் துறையில் அப்படி ஓட்டுகிறவர்கள் பலர் என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். படகு முகத்துவாரம் தாண்டிப் போனது. பண்டாரம் மந்திரம் சொன்னார். மகன் பானையைத் தண்ணீரில் இறக்கினான். பூக்கள் கொஞ்ச தூரம் படகோடு வந்து பிறகு நின்றுகொண்டன. படகோட்டி இஞ்சினைத் தணித்துவிட்டுத் தலைகுனிந்து நின்றார். யாருடைய அஸ்திக்கும் அப்படித்தான் நிற்பார் போலும். நண்டின் காலில் இவர் கட்டிய கட்டைப் பார்த்து அதிசயித்தவள் அவள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? சொல்ல வேண்டியவன் நான். நான் பூக்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வரும் வழியெல்லாம் நான் ஒன்றை மட்டும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்: கரை வந்ததும் முதல் ஆளாக இறங்கி, காருக்குள் போய் உட்கார்ந்துவிட வேண்டும். அவர் திரும்பி முகத்தைப் பார்ப்பதற்குள். படகு துறையருகே வந்து சாய்ந்தது. இங்கும் தூணில் ஒரு பழைய டயர் தொங்கியது. நான் எழுந்து, விளிம்பில் ஒரு கால் வைத்தேன். எழுபதை நெருங்கும் மனிதன், கையில் ஒன்றுமில்லை, எந்தக் கூட்டமும் காத்திருக்கவில்லை.

"கொஞ்சம் பொறுங்க சார். கயிறு போடல."

திரும்பிப் பார்க்காமல்தான் சொன்னார். காலையிலிருந்து பண்டாரத்தை பாஸ் என்றும், என் மகனைத் தம்பி என்றும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னை ஒரு தடவையும் கூப்பிடவில்லை. இப்போது பழையபடி சார் என்கிறார். ஏறும்போதே அடையாளம் கண்டிருக்கிறார்.

நான் காலை உள்ளே எடுத்தேன். உட்கார்ந்தேன். மகன் என்னைப் பார்த்தான். பண்டாரமும் பார்த்தார். அவர்கள் இருந்தால் என்ன? சாட்சிகள் இருப்பது நல்லதுதான்.

"கேட்டுச்சுண்ணே," என்றேன்.  மற்றவர்களுக்கும் கேட்கும்படி மறுபடி சொன்னேன். "அன்னைக்கும் நல்லா கேட்டுச்சு. இஞ்சின் சத்தமே இல்ல."

அவர் கை ஒரு நிமிடம் கயிற்றோடு நின்றது. பிறகு முன்கயிற்றை இரும்புக் குற்றியில் மாட்டி இழுத்தார். காலை இழுத்து இழுத்து என்னைத் தாண்டிப் பின்பக்கம் போய், பின்கயிற்றையும் மாட்டினார். அவசரப்படவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. மன்னிப்பு என்று நான் எதையும் கேட்கவில்லை, அவரும் கொடுக்கவில்லை. அதற்கான படிவம் எங்கள் இருவரிடமும் இல்லை. வெளியே ஏதோ கப்பல் போன அலை வந்து படகை மெல்லத் தூணோடு சேர்த்து அழுத்தியது. டயர் நசுங்கியது. நசுங்கியபடி கொஞ்சம் நின்று, மறுபடி வட்டத்துக்கு வந்தது.

"கட்டியாச்சு," என்றார். "இப்ப எறங்குங்க சார்."